சூனியோன் முனையிலிருந்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. எங்கள் கப்பல் ஏதென்ஸின் துறைமுகமான பைரேயஸ் பக்கம் ரிப்பேருக்காக நிற்கிறது. போன ஞாயிறு ஒரு நாள் ஓய்வு கிடைத்ததும் ஏதென்ஸில் பஸ் ஏறி, 70 கி.மீ. தள்ளி நிலம் முடிகிற சூனியோன் முனைக்குப் போய்விட்டேன். கிரேக்கர்களின் கடல் தெய்வமான பொசைடனுக்குக் கோயில் கட்டிய இடம்.

கூரை இல்லை, சுவர் இல்லை, வெள்ளைப் பளிங்குத் தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, அதற்கப்பால் பாறை சரேலென்று கடலில் இறங்குகிறது. உள்ளே விடுவதில்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தூணின் கண்ணுக்குத் தெரிந்த பாதியில் வரிப்பள்ளங்களை எண்ணினேன், எட்டு. அப்படியானால் சுற்றிலும் 16. இந்த வகைக் கிரேக்கத் தூண்களில் வழக்கமாக 20 இருக்கும், உப்புக்காற்று அரிப்பதைத் தாங்கட்டும் என்றுதான் இங்கே குறைத்தார்கள் என்கிறார்கள். பழைய கோயிலைக் கி.மு. 480-இல் பாரசீகர்கள் இடித்தார்கள். அதே வருஷம் சலாமிஸ் தீவருகே அவர்கள் கடற்படை தோற்றதும், கிரேக்கர்கள் பிடிபட்ட போர்க்கப்பல் ஒன்றை முழுசாக இங்கே கொண்டுவந்து காணிக்கையாக வைத்தார்கள். இப்போது நிற்பது அதற்கு நாற்பது வருஷம் கழித்துக் கட்டியது.

பிஸ்கே வளைகுடாவில் அன்றைக்கு ராத்திரி பிளாக்அவுட் ஆகி, இன்ஜினும் நின்று, கப்பல் அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு உருண்டதை எழுதியிருந்தேன் இல்லையா, அப்போது யாரை வேண்டிக்கொண்டாய் என்று நீ கேட்டிருந்தாய். கடலைத்தான் வேண்டிக்கொண்டேன். நம்மைப் போட்டு ஆட்டுகிற அதையே கையெடுத்துக் கும்பிடுவது சரியா என்று அப்புறம் பல நாள் யோசித்தேன். இங்கே வந்து படிக்கப் படிக்கத்தான் தெரிகிறது, பொசைடனைக் கும்பிட்டவர்கள் செய்ததும் இதுதான்.

அவன் கடலுக்கு மட்டும் தெய்வம் இல்லை. ஹோமர் அவனுக்குக் கொடுத்த பேரே நிலத்தை நடுக்குகிறவன். ஆனால் அவனுக்கே அஸ்பாலியோஸ் என்றும் பேர் உண்டு, அசையாமல் நிறுத்துகிறவன் என்று அர்த்தம். கி.மு. 200-ஐ ஒட்டித் தேரா தீவுக்கும் தெராசியாவுக்கும் நடுவே நாலு நாள் கடல் கொதித்து, நெருப்பு கக்கி, புதுசாக ஒரு தீவு மேலே வந்தது. முதலில் துணிந்து அங்கே கப்பலை விட்டவர்கள் ரோட்ஸ் தீவுக்காரர்கள். அந்தப் புது நிலத்தில் அவர்கள் கோயில் கட்டியது எந்தப் பொசைடனுக்கு என்று நினைக்கிறாய்? அசையாமல் நிறுத்துகிற பொசைடனுக்கு! படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பயத்தில் கும்பிட்டது மட்டும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இருந்தது. கோர்ஃபு தீவில் ஒரு காளை தினமும் மந்தையை விட்டுக் கரைக்கு வந்து கத்துமாம். போய்ப் பார்த்தால் கடலில் சூரை மீன் கூட்டம், ஆனால் வலைக்குள் வர மறுக்கிறது. டெல்பியில் குறி கேட்டு, அந்தக் காளையையே பொசைடனுக்குப் பலி கொடுத்த பிறகுதான் மீன் அகப்பட்டதாம். அந்த வரும்படியில் பத்தில் ஒரு பங்கை எடுத்து டெல்பியிலும் ஒலிம்பியாவிலும் வெண்கலக் காளை வைத்தார்கள்.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஹெலிகேயின் கதைதான். கொரிந்து வளைகுடாவின் தென்கரையில், கடலிலிருந்து இரண்டு கி.மீ. உள்ளே இருந்த ஊர், பொசைடன் கோயிலால் பேர் பெற்றது. முன்னொரு காலத்தில் அங்கிருந்து கிளம்பி ஆசியக் கரையில் குடியேறிய அயோனியர் என்ற கிரேக்கர்களின் வழியில் வந்தவர்கள், எங்கள் தெய்வத்தின் சிலையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் கோயிலின் மாதிரியையாவது கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். ஊர்க்காரர்கள் கொடுக்கவில்லை. கி.மு. 373 குளிர்காலத்தில் ஒரு ராத்திரி நிலம் நடுங்கி, கடல் ஏறி, ஊர் மொத்தமும் போனது. உடல்களை எடுக்க 2,000 பேர் போயும் முடியவில்லை. தெய்வக் குற்றம் என்றே எல்லோரும் பேசினார்கள்.

ஊர் இருந்த இடத்தை ஆராய்ச்சியாளர்கள் 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள், அதுவும் கடலுக்குள் இல்லை, வண்டல் மூடிய நிலத்துக்கு அடியில். ஆனால் ஊர் அழிந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் அங்கே போனபோது, ஓடக்காரர்கள் அவரிடம் சொன்னார்களாம்: வெண்கலப் பொசைடன் கையில் கடற்குதிரையோடு தண்ணீருக்கடியில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது, வலை போடுகிறவர்கள் பார்த்துப் போட வேண்டும் என்று.

சரி, வேலை இன்னும் பத்து நாள் இருக்கிறது. அடுத்து எந்தத் துறைமுகம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு, பதிலும் போடு.

உன்,
ராஜன்