ஐயனார் கோயில் திருப்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கு வணக்கம்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கோயில்காடுகளில் கும்பாபிஷேக வேலை தொடங்கினால் முதலில் வருவது ஜேசிபிதான். "புதரையெல்லாம் சுத்தம் பண்ணிடலாம்" என்பார்கள். ஐயா, அந்தப் புதர்தான் காடு. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு (வறண்ட மாதங்களிலும் பச்சையாகவே நிற்கும் காடு) இன்று இந்த வட்டாரத்தில் துண்டுதுண்டாகவேனும் மிஞ்சியிருப்பது கீழ்ப்புத்துப்பட்டு, திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் போன்ற ஊர்க்காரர்கள் சாமிக்குப் பயந்து கத்தி வைக்காததால்தான்.

வீரை, பாலை, கருங்காலி மரங்களின் கன்றுகள் முதல் சில வருஷம் காயா, காரைச் செடிகளின் நிழலில்தான் பிழைக்கும். புதரை வழித்தால் சித்திரை வெயிலில் கருகிவிடும். சருகையும் பெருக்கிக் கொளுத்தாதீர்கள். வீரையடியில் இரண்டு விரல் சருகை விலக்கிப் பாருங்கள்: கருத்த ஈரமண், வெள்ளை நூலாகப் பூஞ்சை, ஈரிலைக் கன்றுகள். பெருக்கிய இடத்தில் மண் ஓடு மாதிரி இறுகியிருக்கும்.

பெரிய கேடு சிமென்ட் மேடை. அடிமரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி இரண்டடி மண் நிரப்பினால், புதைந்த பட்டை ஈரத்தில் அழுகும், வேருக்குக் காற்று போகாது. மரம் உடனே சாகாது. சில வருஷம் கழித்து உச்சிக்கிளை காயும்போது மேடையை யாரும் சந்தேகப்படுவதில்லை. மேடை வேண்டுமென்றால் கிளை நிழலுக்கு வெளியே கட்டுங்கள். பொங்கல் அடுப்பும் வண்டி நிறுத்தமும் அங்கேயே இருக்கட்டும். அடிமரத்தோடு ஒட்டி எரியும் அடுப்பு ஒருபக்கப் பட்டையைக் கொன்றுவிடும். பிறகு பொந்து விழும், கரையான் ஏறும். சுற்றியுள்ள மரங்களை எடுத்துவிட்டு ஒற்றையாக நிறுத்திய மரம் புயல்காற்றை முழுதாக வாங்கும். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த ஊர் நமது.

வெட்ட வேண்டியது சீமைக் கருவேலத்தை. தரையோடு அறுத்தால் துளிர்க்கும், ஓரடி தோண்டி வேர்க்கட்டையோடு எடுங்கள். ஒரே மூச்சில் எடுக்காமல் வருஷத்துக்குக் கால்பங்காக எடுத்தால் நிழல் போகாது.

காலி இடத்தில் மே மலர் (குல்மொஹர்) மரம் வேண்டாம். அந்தந்தக் காட்டில் விழும் நாவல், வீரைப் பழங்களைச் சதை நீக்கி, வெயிலில் உலர்த்தாமல், சில நாளுக்குள் நிழல் பாத்தியில் ஊன்றுங்கள். காய்ந்த நாவல் விதை முளைக்காது. சப்போட்டாவைப் பாலைக் கன்றில் ஒட்டுக்கட்டுவதால், அந்த நர்சரிகளில் பாலைக் கன்று கிடைக்கும். ஐப்பசி மழையில் மண் நன்றாக நனைந்தபின், ஒன்றரை அடிக் குழியில், ஆறேழு அடி இடைவெளியில் நடுங்கள்.

இன்னொன்று. கருங்காலி மாலைக்கு இப்போது இருக்கும் கிராக்கியில் "காய்ந்த கிளைதானே" என்று கேட்டு ஆள் வரும். கிளையானாலும் ஊர்க்கூட்டத்தில் கேட்காமல் தருவதில்லை என்று தீர்மானம் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கோயில்காடுகளில் நாற்று வளர்ப்போர்