மார்ச் விடுமுறையும் கட்டணமில்லாத திறந்தவெளி இடங்களும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் தவணை இந்த வாரத்துடன் முடிகிறது. ஒரு வார விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள்; நுழைவுச்சீட்டின் விலையையும் சாப்பாட்டுச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதாகவும் சிலர் சொன்னீர்கள். ஆகவே, காசு கொடுக்காமல் நுழையக்கூடிய இடங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அவற்றில் எனக்குப் பிடித்தது, பிள்ளை களைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்பதுதான். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை.

முதலில் பூமலை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம். 1859இல் அமைக்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இந்தத் தோட்டத்தில் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம் உண்டு. புறப்படும்போது ஓர் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள், செலவழிக்க அல்ல. அதன் பின்புறத்தில் தாழ்ந்து நீண்ட கிளையுடன் இருக்கும் தெம்புசு மரம் அங்கேதான் நிற்கிறது. நோட்டை வைத்துக்கொண்டு மரத்தைத் தேடச் சொன்னால், நடக்கச் சலித்துக்கொள்ளும் பிள்ளையும் முன்னால் ஓடும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறொரு கதையும் இருக்கிறது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கும் முறையை ஹென்றி ரிட்லி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்மைப்படுத்தியது இந்தத் தோட்டத்தில்தான். அதன் பிறகு மலாயாவில் பெருகிய தோட்டங்களில் பால்மரம் சீவிய தாத்தா, பாட்டிகளின் வழியில் வந்த குடும்பங்கள் நம் பள்ளியிலும் இருக்கக்கூடும். வீட்டுப் பெரியவர்கள் உடன்வந்தால் ஆசிரியர்களைவிட அவர்களே இதை நன்றாகச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதே வளாகத்திலுள்ள ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் போதும். திங்கட்கிழமைகளில் அது மூடியிருக்கும்.

மார்ச் மாதத்துக்கென்றே ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமானால், நான் சொல்வது சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். செப்டம்பர் தொடங்கி வடக்கிலிருந்து, சைபீரியா போன்ற தொலைவிலிருந்தும்கூட, வந்து சேரும் உள்ளான், உப்புக்கொத்தி வகைப் பறவைகள் மார்ச் வாக்கில் திரும்பப் புறப்படுகின்றன என்பதால், விடுமுறை வாரம் அவற்றைப் பார்க்க ஏறக்குறையக் கடைசி வாய்ப்பு. பயணத்துக்கு முன் அவை நன்றாகத் தின்று கொழுத்திருக்கும். சிலவற்றுக்கு இறகின் நிறமே மாறத் தொடங்கியிருக்கும். கடல் ஏற்றத்தின்போது வெளியே உள்ள சேற்றுப் பரப்பு மூழ்குவதால் பறவைகள் உள்ளே இருக்கும் குளங்களின் கரைக்கு வந்து கூட்டமாக நிற்கும். இறக்கத்தின்போது போனால் பறவைகள் குறைவாகத் தெரியலாம், ஆனால் சேற்றில் துள்ளித் திரியும் மீன்களும் நண்டுகளும் பாலத்துக்குக் கீழேயே தெரியும். எனவே ஏற்ற இறக்க நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்தில் போகலாம். அங்கே உடும்புகளும் உவர்நீர் முதலைகளும் உண்டு. பிள்ளைகள் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

பட்டம் விட மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையும், நீர்நாய்களுக்காகக் காத்திருக்கப் பீஷான்-அங் மோ கியோ பூங்காவும் உகந்தவை. பீஷானில் காலாங் ஆறு முன்பு கான்கிரீட் கால்வாயாக இருந்து, 2012இல் இயற்கையான ஆறாக மாற்றி அமைக்கப்பட்டது. மழை பெய்தால் நீர்மட்டம் விரைவாக உயரும் என்பதால், எச்சரிக்கை ஒலி கேட்டவுடன் கரையை விட்டு விலகிவிடுங்கள்.

எங்கும் போக முடியாத குடும்பங்கள் தங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்தாலும் பார்ப்பதற்கு உண்டு. நமக்கு வசந்தகாலம் என்று தனியாக ஒன்று இல்லை என்றாலும், சில நாள் வறட்சிக்குப் பின் மழை பெய்தால் சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்துக் கொட்டும். சில நாள்களில் உதிர்ந்துவிடும். கீழே விழுந்த பூவை எடுத்துப் பிள்ளைகள் இதழ்களைப் பிரித்துப் பார்க்கட்டும், அதற்கு நாங்கள் பயிற்சித்தாள் எதுவும் தரப்போவதில்லை.

மார்ச் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. பிற்பகலில் இடியுடன் மழையும் வரலாம். காலையிலேயே போய்வருவது நல்லது. தொப்பியும் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். மெக்ரிட்சி, புக்கிட் தீமா காட்டுப் பக்கம் செல்வோர் குரங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம். முதன்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். நெகிழிப் பையைக் கையில் பிடித்திருந்தாலே உணவு என்று நினைத்து அவை பிடுங்க வரும், ஆகவே தின்பண்டங்களைப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

விடுமுறையிலும் வேலைக்குச் செல்லும் பெற்றோரின் கவனத்துக்கு: பள்ளியின் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கு வரும் பிள்ளைகளை ஆசிரியர்கள் புதன்கிழமை காலை பூமலைக்கு அழைத்துச் செல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவார்கள். உங்கள் ஒப்புதலைப் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் இந்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை போன்றவை இருந்தால் அதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்