கறுப்புப் பூ மொட்டை மாடிக்கு ஆகாது

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அம்மா "கறுப்பில் பூவா? வீட்டுப் பக்கமே வேண்டாம்" என்றதும், நீங்கள் ரகசியமாக "அந்தச் செடியின் கிழங்கு ஒன்று கொண்டு வா, மொட்டை மாடியில் வைக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதும் கிடைத்தன. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

செடி எதிர் வீட்டு சீன ஆன்ட்டியுடையது. இங்கே அடுக்குமாடி வீடுகளில் வாசலுக்கு முன்னால் ஓடும் பொது நடைபாதைதான் பலருக்கும் தோட்டம். ஆள் நடக்க வழி விட்டுத் தொட்டிகளை அடுக்க வேண்டும். தட்டில் தண்ணீர் நின்று கொசுப்புழு இருந்தால், சோதனைக்கு வருகிறவர்கள் அபராதம் போட்டுவிடுவார்கள். நம் தெருவுக்கு அப்படி ஒருவர் வந்தால் எத்தனை வீடு தப்பும்!

பெயர் வௌவால் பூ. தாய்லாந்து, தென் சீனா பக்கத்துக் காடுகளில் மர நிழலில் வளர்வது. இறக்கையாகத் தெரிவது இதழே இல்லை, பூவடிச் செதில், அதாவது பூவுக்குக் கீழே வரும் உருமாறிய இலை. நம் காகிதப் பூவிலும் நிறமாகத் தெரிவது அதுதானே. அசல் பூக்கள் நடுவில் சின்னதாகக் கொத்தாக இருக்கும். அவற்றுக்கிடையிலிருந்து ஒரு அடிக்கு மேல் மீசை தொங்கும். கறுப்பு என்கிறோமே தவிர, வெளிச்சத்தில் பார்த்தால் கத்தரிக்காய்த் தோல் நிறம்.

இவ்வளவு வேஷமும் ஈக்களை ஏமாற்றி வரவழைக்கத்தான் என்று நினைத்திருந்தார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வு, தென் சீனாவின் யுன்னான் மாகாணக் காட்டுச் செடிகள் அநேகமாகத் தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கின்றன என்று காட்டியது. அப்படியானால் மீசை எதற்கு என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். "அழகுக்கு" என்றார்.

இது ராசவள்ளிக் கிழங்கின் குடும்பம் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வரலாம். ஆனால் மொட்டை மாடி மட்டும் வேண்டாம் அப்பா. இங்கே வருஷத்துக்கு 2,400 மி.மீ. அளவில், மாதம் தவறாமல் மழை. சென்னையில் நமக்கு 1,400 மி.மீ. கிடைத்தாலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கத்திரி வெயிலில் நிழல்வலை போட்டாலும் அனல் காற்று இலையைக் கருக்கிவிடும். ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். சரியான பிடிவாதக்காரச் செடி.

அப்புறம், வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வரச் சொல்லாதீர்கள். கேரள நர்சரிகளில் விசாரியுங்கள். கிடைத்தால் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயில் படாத மூலையில், தென்னை நார்க்கழிவும் மரப்பட்டைத் துண்டும் கலந்து வையுங்கள். அங்கே அம்மா கண்ணிலும் படாது.

அன்பு மகள்