தரம் 5 பிள்ளையளையும் ஓட விடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலையில தரம் 5 படிக்கிற பிள்ளையின்ர அம்மா. உங்கட பேப்பருக்கு இதுவரைக்கும் எழுதினதில்லை, ஆனா எங்கட பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில நடந்த ஒரு விசயம் மனசுக்க கிடந்து அறுக்குது, எழுதத்தான் வேணும் எண்டு பிள்ளை படுத்தாப் பிறகு இருந்து போனில தட்டுறன், பிழை இருந்தா திருத்திப் போடுங்கோ.

எங்கட ஊரில விளையாட்டு விழா எண்டா அது பள்ளிக்கூடத்து அலுவல் மட்டும் இல்லை. ரெண்டு கிழமைக்கு முதலே ஆம்பிளையள் காட்டுத்தடி வெட்டி லான்ட்மாஸ்டர் உழவு மிசினில கொண்டு வந்து இறக்கி, பிள்ளையளைப் பிரிச்ச விளையாட்டு இல்லம் ஒவ்வொண்டுக்கும் ஒரு கொட்டில் போடுவினம், கிடுகு ஒரு வீட்டால வரும், தோரணத்துக்குக் குருத்தோலை இன்னொரு வீட்டால வரும், வயல் வேலை முடிச்சு வந்த சனம் பின்னேரம் நிண்டு திடலில முள்ளுப் பொறுக்கும். அண்டைக்கு அம்மாமார் மோர் கரைச்சு வாளியோட கொண்டு வருவினம். தேசிக்காய்க் கரண்டி, சாக்கோட்டம், பணிஸ் கடிக்கிறது, வினோத உடை, கடைசியில பெற்றோருக்குக் கயிறிழுத்தல். கதை பேச்சில்லாம இருந்த ரெண்டு குடும்பம் ஒரே கயிற்றில ஒரே பக்கம் நிண்டு இழுத்ததை நான் என்ர கண்ணால பாத்தனான்.

இந்த முறை அந்தத் திடலில தரம் 5 பிள்ளையள் இல்லை. தரம் 5 பிள்ளையள் எழுதுற புலமைப்பரிசில் சோதினைக்கு இன்னும் மாதக்கணக்கில கிடக்கு, ஆனா பயிற்சிக்குப் போனா நேரம் வீணாகும் எண்டு தொடக்கத்திலயே மறிச்சாச்சு, விழா அண்டைக்கும் அதுகள் யூனிபோமோட வகுப்புக்க இருந்து மாதிரி வினாத்தாள் செய்ததுகள். நான் மோர் வாளியோட அந்தப் பக்கத்தால போகேக்க பாத்தன், மகள் யன்னல் கம்பி வலையில கன்னத்தை வைச்சுக் கொண்டு நிக்கிறாள், மைக்கில தரம் 4 பெட்டையளின்ர ஓட்டத்துக்குப் பேர் கூப்பிடுகினம், இவள் வாய்க்குள்ள ஒவ்வொரு பேரையும் திருப்பிச் சொல்லிக் கொண்டு நிக்கிறாள். போன வருசம் அதே ஓட்டத்தில ரெண்டாவதா வந்தவள். என்னைக் கண்டிட்டு "அம்மா, எங்கட இல்லம் எத்தினை புள்ளி?" எண்டு மெல்லமாக் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியேல்லை, வாளியைக் கீழ வைச்சிட்டுத் திரும்பிப் போய்ப் பாத்து வந்து சொன்னன், அதுக்குள்ள அவளை இருக்கச் சொல்லியாச்சு.

ஒரு ஓட்டத்துக்கு ஏன் இவ்வளவு கதை எண்டு ஆராவது நினைக்கலாம். வன்னிச் சனத்துக்கு அது விளங்கும். 1995-96ல யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து இஞ்சால வரேக்க நான் சின்னப் பிள்ளை, இருந்த கட்டடம் போதாம காலையில ஒரு பள்ளிக்கூடம் பின்னேரம் இன்னொரு பள்ளிக்கூடம் எண்டு நடந்தது, பாலை மரத்துக்குக் கீழ மண்ணில இருந்து படிச்சம், அந்த நிலைமையிலயும் எங்கட ரீச்சர்மார் பின்னேரம் கிளித்தட்டு விளையாட விட்டவை. பிறகு 2009, யுத்தம் முடிய செட்டிக்குளம் அகதி முகாம், கூடாரத்துக்க வகுப்பு. திரும்பி ஊருக்கு வந்தா காணியெல்லாம் காடு, வழியோரத்தில மண்டையோடு கீறின சிவப்புப் போர்ட். அப்ப நாங்கள் பிள்ளையளுக்கு முதல் சொல்லிக் குடுத்த பாடம் "பாதையை விட்டு இறங்காத, ஓடாத, எதையும் தொடாத". வருசக்கணக்கா அதைத்தான் சொன்னம். மிதிவெடி எடுத்து முடிஞ்சு இந்தத் திடலில பிள்ளையள் பயமில்லாம வெறுங்காலோட ஓடின அண்டைக்கு எத்தினை தாய்மார் அழுதவை எண்டு எனக்குத் தெரியும். அந்தத் திடலை இப்ப நாங்களே மறிக்கிறம்.

படிப்பு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ரெண்டு பேப்பர், 200 புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, எல்லாம் தெரியும். 1940களில கன்னங்கரா கல்வி அமைச்சரா இருந்த காலத்தில இலவசக் கல்வியோட சேத்து இந்தப் புலமைப்பரிசிலும் வந்தது கிராமத்து ஏழைப் பிள்ளையளும் மத்திய கல்லூரியளில படிக்கட்டும் எண்டுதான், நல்ல நோக்கம். ஆனா வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையும் தரம் 6க்குப் போகத்தானே போகுது, அதை ஏன் பெயில் விட்ட பிள்ளை மாதிரி ஊரே பாக்குது. பத்து வயசுப் பிள்ளை விடிய ஒரு வகுப்பு, பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறு வேற, சைக்கிளில பின்னால இருந்து நித்திரை தூங்கி விழுந்த பிள்ளையும் எங்கட றோட்டில இருக்கு.

நான் இதைச் சொல்ல இன்னொரு காரணம் மாணவர் சந்தை. எங்கட பள்ளிக்கூடத்தில அது நடக்கிற நாள் ஊருக்கே திருவிழா, பயத்தங்காய், முருங்கையிலை, மரவள்ளி, தேசிக்காய், முட்டை, சட்டித்தயிர் எண்டு பிள்ளையள் வீட்டில விளைஞ்சதைக் கொண்டு வந்து பரப்பி வைச்சுக் கூவிக் கூவி விப்பினம். போன முறை எங்கட ஒழுங்கைப் பெடியன் ஒருத்தன், தரம் 3, கச்சான் கொண்டு வந்தவன், சுண்டுப் பேணியால அளந்து விக்க, சுண்டு 120 ரூபா எண்டு காட்போட் மட்டையில எழுதி வைச்சிருந்தான். கணக்கில சரியான பின்னுக்கு எண்டு அவன்ர தாய் எப்பவும் கவலைப்படுறவ. ஒரு அம்மம்மா மூண்டு சுண்டு வாங்கிப் போட்டு 500 ரூபாத் தாளை நீட்ட அவன் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பாத்துக் கொண்டு நிண்டான், பிறகு அவவின்ர கையைப் பிடிச்சு விரிச்சு "360" எண்டு போட்டு 20 ரூபாவை வைச்சு "380", இன்னொரு 20 வைச்சு "400", பிறகு 100 ரூபாத் தாளை வைச்சு "500, சரியோ அம்மம்மா" எண்டான். கொப்பியில கழித்தல் வராத பிள்ளை! பக்கத்தில நிண்ட அவன்ர வகுப்பு ரீச்சர் கண்ணைத் துடைச்சவ. இதை எந்த மாதிரி வினாத்தாள் சொல்லிக் குடுக்கும்? அந்தச் சந்தைக்கும் அடுத்த தவணை தரம் 5 இல்லையாம். வாணி விழாவுக்கு ஊர் அண்ணாவியார் ஒருத்தர் வந்து பிள்ளையளுக்குக் கோவலன் கூத்தில ஒரு துண்டு பழக்கிறவர், முல்லைத்தீவில பேர்போன கூத்து அது, அதுக்கும் கொஞ்சம் வளந்த குரல் இருக்கிற தரம் 5தான் அவருக்குத் தேவை. இனி ஆரை வைச்சுப் பழக்குறது?

ரவுணில இருக்கிற பிள்ளைக்கு டான்ஸ் கிளாஸ், சங்கீதம், நீச்சல் எண்டு காசு குடுத்தாவது ஒரு வழி இருக்கு. எங்கட பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் ஒண்டுதான். அங்க ஓடாட்டி எங்கயும் ஓட்டம் இல்லை, அங்க மேடை ஏறாட்டி எங்கயும் மேடை இல்லை.

ஆசிரியர்மாரில மட்டும் பிழை சொல்ல மாட்டன். பெறுபேறு குறைஞ்சா மேல இருந்து கேள்வி வருது, பெற்றோரும் சும்மா இருக்கேல்லை. வருச தொடக்கத்துக் கூட்டத்தில "தரம் 5ஐ விளையாட்டுக்கு எடுக்க வேண்டாம்" எண்டு ஒரு அப்பா எழும்பிச் சொல்ல எல்லாரும் கையுயர்த்தினம், அதில என்ர கையும் இருந்தது. மகள் யன்னலில நிக்கிறதைக் காணும் வரைக்கும் அது எனக்கு விளங்கேல்லை.

உங்களிட்டயும் ஒண்டு கேக்கிறன், கோவிக்க வேண்டாம். சோதினை மறுமொழி வந்தா உங்கட பேப்பரில பக்கம் பக்கமா கூடப் புள்ளி எடுத்த பிள்ளையளின்ர படம் வருது, சந்தோசம்தான், பாவம் அதுகளும் கஷ்டப்பட்டதுகள். ஆனா அதே அளவு படத்தில ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து மாணவர் சந்தையோ சாக்கோட்டமோ வந்து நான் பாக்கேல்லை. பேப்பரில வாறதைத்தான் எங்கட சனம் பெரிசு எண்டு நினைக்குது. அடுத்த தவணை எங்கட சந்தைக்கு உங்கட நிருபர் ஒருத்தரை அனுப்பி விடுங்கோ, மாங்குளம் முல்லைத்தீவு றோட்டில இறங்கி ஆரைக் கேட்டாலும் வழி காட்டுவினம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில நான் எழும்பிக் கதைக்கப் போறன், தரம் 5க்கு கிழமையில ரெண்டு பின்னேரமாவது விளையாட்டு, சந்தையில ஒரு கடை, கூத்தில இடம், இது மூண்டும்தான் கேக்கப் போறன். ரெண்டு அம்மாமார் கூட நிக்கிறம் எண்டவை. இதை வாசிக்கிற வேற ஊர்ப் பெற்றோரும் உங்கட பள்ளிக்கூடத்தில ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஒட்டுசுட்டான்.