ஓட்டுநரில்லா ஷட்டில் உருவாக்கும் பல்கலைக்கழகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வளாகத்துக்குள் தானாக ஓடும் ஷட்டில் வண்டியை வெளியில் வாங்காமல் நீங்களே உருவாக்கப் போகிறீர்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்தது. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும், ராத்திரி ஆய்வகத்திலிருந்து தனியாக விடுதிக்குத் திரும்புகிறவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் உங்கள் பேச்சு முழுக்க லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி), கேமரா, மேப் என்றே போகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவரையும் முன்னால் நடந்து போகிறவரையும் பற்றி அதிகம் காணோம்.

மெதுவாகத்தானே போகும், என்ன ஆகிவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் இப்படி ஒரு ஷட்டில் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சடாரென்று பிரேக் போட்டதில், இருக்கையில் இருந்த பயணி தரையில் விழுந்தார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் அதே மாடல் வண்டிகள் எதிலும் பயணிகளை ஏற்றக்கூடாது என்று அரசு நிறுத்திவைத்தது. சந்தேகம் வந்தால் நின்றுவிடு என்பது மென்பொருளுக்குச் சரி. ஒரு கையில் லேப்டாப்பும் மறு கையில் போனுமாக இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அந்த நிறுத்தம்தான் ஆபத்து. எத்தனை தடவை, எவ்வளவு கடுமையாக பிரேக் விழுந்தது என்பதை ஒவ்வொரு ஓட்டத்திலும் பதிவு செய்து எல்லோருக்கும் காட்டுங்கள். இருக்கை பெல்ட்டையும் வடிவமைப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் 2021, டோக்கியோ பாராலிம்பிக் கிராமம். மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வந்த தானியங்கி பஸ், சாலையைக் கடந்த பார்வைக் குறைபாடுள்ள ஜூடோ வீரர் மீது மோதியது. அவரால் போட்டியில் இறங்கவே முடியவில்லை. வண்டிக்குள் பணியாளர்கள் இருந்தும் இது நடந்தது. மின்சார வண்டி சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்துவிடும். அதனால் பார்வையற்ற மாணவர்களைத் திறப்பு விழாவுக்கு அழைப்பது போதாது, ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்கள் இருக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களும்தான்.

வண்டிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பணியாளரைச் செலவு என்று பார்த்துச் சீக்கிரம் இறக்கிவிடாதீர்கள், வண்டியைக் கையால் இயக்கும் கன்ட்ரோலரும் அவர் கையில் இருக்கட்டும். 2017-இல் லாஸ் வேகஸில் ஒரு ஷட்டிலின் முதல் நாளிலேயே ரிவர்ஸில் வந்த ஒரு லாரி அதன் மீது மோதியது. ஷட்டில் ஒழுங்காக நின்றது, ஆனால் விலகவில்லை. அந்தக் கன்ட்ரோலர் பணியாளர் கையில் இல்லை, எங்கோ உள்ளே வைக்கப்பட்டிருந்தது.

காலிச் சாலையில் ஓட்டிக் காட்டியது போதும். அடுத்த சோதனையை வகுப்பு விடும் நேரத்தில், கூட்டம் சாலையை நிறைத்துக்கொண்டு போகும்போது வையுங்கள். நானும் வந்து ஏறுகிறேன்.