மீதி 156 மணி நேரத்துக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

சிறுநீரகம் கைவிட்டு, மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸை நான் தொடங்கி வரும் மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. இந்த மடலை முதல் வருடமே எழுதியிருக்க வேண்டும். அப்போது யார் மேலாவது எரிந்து விழுவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம். 168 மணியில் 12 மணி மெஷினுக்கு. கணக்கில் பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் முதல் ஆறு மாதம் மீதி 156 மணியையும் அதுவே தின்றது: போகும் முன் பயம், வந்த பின் அசதி, நடுவில் தாகம். அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு மீட்டுக் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் டெக்னீஷியன் தம்பிக்கு. அப்போது கழுத்தில் மெஷினோடு இணைக்கும் குழாயான கதீட்டர், மணிக்கட்டில் பின்னாளில் மெஷின் ஊசிக்காகப் புதிதாகப் போட்ட ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டதிலிருந்து அந்தக் கையைத் தொடவே எனக்குப் பயம். "தொட்டுப் பாருங்க சார், பையில சைலண்ட்ல கிடக்கிற போன் மாதிரி அதிரும்" என்று என் விரலைப் பிடித்து வைத்தீர்கள். அதிர்ந்தது. இன்றும் காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். அதிர்வு நின்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் போன் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். இதுவரை அந்தத் தேவை வரவில்லை.

நீங்கள் என்னைத் திட்டிய நாளுக்குத் தனி நன்றி. திங்கள், புதன், வெள்ளி என் நாட்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் பெரிய இடைவெளி. ஒரு திங்கட்கிழமை டிரை வெயிட்டைவிட, அதாவது உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையைவிட, நாலரை கிலோ கூடுதலாக வந்து நின்றேன். சட்டை கனம் என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மணியில் பி.பி. இறங்கி, கெண்டைக்கால் கல்லாக இறுகி, நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, சலைன் விட்டு, நானே எழுந்து உட்காரும்வரை காலைப் பிடித்துவிட்டீர்கள். ஊசிகளை எடுத்து, பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் கேட்டீர்கள்: "ஒரு லிட்டர் குடிச்சா ஒரு கிலோ. நாலரைக் கிலோ சட்டை எந்தக் கடையில சார் கிடைக்குது?" அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

டயட்டீஷியன் அம்மாவுக்கு: தாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனிடம் "முதல்ல உப்பைக் குறைங்க, தாகம் பின்னாலயே இறங்கும்" என்றீர்கள். அப்போது நம்பவில்லை, இரண்டு வாரத்தில் நம்பினேன். அதற்காக வீடு முழுக்க உப்பைக் குறைத்தவள் என் மனைவி. எனக்கென்று தனிப் பாத்திரம் வைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சமையல், வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றுவிட்டாள். பொட்டாசியம் குறைய, காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கும் கூடுதல் வேலையும் அவளுக்குத்தான். ஃபிஸ்டுலா கையில் ரத்தம் எடுக்கக் கூடாது என்பதால், எந்த லேபுக்குப் போனாலும் நான் வாய் திறக்கும் முன் "அந்தக் கை இல்லைங்க, இந்தக் கையில எடுங்க" என்று அவள் குரல் கேட்கும்.

மகளுக்கு: அந்த ஒரு லிட்டர் பாட்டிலில் மார்க்கரால் நீ போட்ட பத்துக் கோடுகள். மாத்திரைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு இரண்டு என்று பிரித்துக் கொடுத்தாய். நாவறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் துண்டு வைத்துக்கொள்ளலாம். அந்த ஐஸுக்கும் கணக்கு உண்டு. இதில் ஒரு வேடிக்கை, எனக்குக் குடிக்க ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்றால், ஒரு தடவை டயாலிசிஸுக்கு மெஷினுக்கு வேண்டியது ஏறக்குறைய 120 லிட்டர். அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து, முதல் ஷிப்டுக்கு முன்பே வந்து குளோரின் சோதனை செய்கிற அண்ணனை நாங்கள் யாரும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அண்ணே, உங்களுக்கும் நன்றி.

பக்கத்துக் கட்டில் அக்கா, ஒன்பது வருட அனுபவசாலி. "இதை வியாதின்னு நினைக்காதே தம்பி, ஷிப்டுன்னு நினைச்சுக்கோ. வந்தோமா, முடிச்சோமா, கிளம்பினோமா" என்றீர்கள். போர்வை கொண்டுவரவும், ஒரு கையால் புத்தகம் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தீர்கள். நீங்கள் காலை ஷிப்டுக்கு மாறிய பிறகு டிவி ரிமோட்டுக்காகச் சண்டை போட ஆளில்லை.

அப்படி ஒரு கையால் புத்தகம் பிடித்துப் படித்ததில்தான் இன்னும் சிலருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. 1943-இல், போர் நடுவே, நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி இந்த மெஷினின் மூதாதையைச் செய்திருக்கிறார். ஆரம்பத்தில் அவரிடம் வந்த நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1945-இல்தான் ஒரு பெண் பிழைத்து எழுந்தார். என் கையில் இருக்கும் ஃபிஸ்டுலா முறையை பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் வெளியிட்டது 1966-இல்.

அலுவலகத்தில் என் மேலாளருக்கு: "ஓய்வெடுங்க" என்று வேலையைப் பிடுங்காமல், முக்கியமான கூட்டங்களைச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் மாற்றினீர்கள். முதல் மூன்று மாதம் வண்டியில் கொண்டு விட்டு, முடியும்வரை வெளியே காத்திருந்த நண்பனுக்கு: ஒருமுறைகூட ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் அளவு) எவ்வளவு என்று நீ கேட்கவில்லையே, அதற்கு.

டயாலிசிஸை நிறுத்திவிட்டு அந்த மருந்தை, இந்தப் பொடியைச் சாப்பிடச் சொன்னவர்களுக்கும் நன்றி. அக்கறையை எடுத்துக்கொண்டேன். பொடிகள் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்குகிற வசதி எனக்குப் போய்விட்டது.

மணி பத்தாகிறது. நாளை திங்கள். பாட்டிலில் இன்னும் ஒரு கோடு மிச்சம் இருக்கிறது. இரவு மாத்திரைக்காக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மூன்றாம் எண் கட்டில்காரன்