விக்டோரியா மகாராணி எந்தக் கூண்டில் பேசினார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் லண்டன் பயணக் கட்டுரையில் சிவப்பு டெலிபோன் பூத் படத்தின் கீழே, ‘விக்டோரியா காலத்துக் கூண்டு, வெள்ளைக்காரன் பழையதை எப்படிப் பொத்திப் பொத்திக் காக்கிறான் பாருங்கள்’ என்று அச்சாகியிருந்தது. படித்ததிலிருந்து காப்பி இறங்கவில்லை.

மகாராணி 1901இலேயே கண்ணை மூடிவிட்டார் என்பது தாங்கள் அறியாததல்ல. கட்டடக் கலைஞர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் அந்தக் கூண்டை வரைந்தது 1924இல். லண்டன் தெருக்களில் அது நிற்கத் தொடங்கியது 1926இல். ஆவியாக வந்து பேசினாரோ என்னவோ.

போகட்டும். கட்டுரைக்குள் ‘1936’ என்றிருக்கிறதே, அது ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவையொட்டிப் பிறந்த கே6 கூண்டின் ஆண்டு. படத்தில் நிற்பது அதன் மூத்த உருவமான கே2. கதவில் சம அளவுக் கண்ணாடிகள் ஆறு வரிசை. தலையிலுள்ள கிரீடத்தில் காற்றுப் போகத் துளைகள். இளையதற்கு எட்டு வரிசை, நடுக்கண்ணாடி அகலம். எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் டவர் பிரிட்ஜின் படத்தைப் போட்டு ‘லண்டன் பிரிட்ஜ்’ என்று எழுதிய பத்திரிகைதானே இது! அன்று நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் தங்களைப் பாராட்டிய ஒரே வரியை மட்டும் வெளியிட்டீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி.

‘பொத்திப் பொத்தி’ என்பதுதான் பொறுக்கவில்லை. நான் 1981 முதல் இங்கே இருக்கிறேன். 1984இல் தொலைபேசி நிறுவனமான பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயமானது. மறு ஆண்டே பழைய கூண்டுகளை அகற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. பழைய கட்டடங்களைக் காக்கப் போராடிய தேர்ட்டீஸ் சொசைட்டி போன்ற சங்கத்தார் மல்லுக்கு நின்றதால்தான் இரண்டாயிரத்துச் சொச்சம் கூண்டுகள் மரபுச் சின்னப் பட்டியலில் ஏறின. மற்றவற்றில் எத்தனையோ காயலான் கடைக்கும் பணக்காரர் தோட்டத்துக்கும் போயின. நம் ஊரைக் குட்டுவதற்காக இவர்களைப் பல்லக்கில் ஏற்ற வேண்டுமா?

எங்கள் தெருமுனைக் கூண்டும் அப்படித்தான் போயிற்று. ஐம்பது பென்ஸ் நாணயங்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அந்தக் கனத்த கதவைத் தோளால் தள்ளி உள்ளே போய், மதுரையில் எதிர்வீட்டு மருந்துக் கடைக்குப் போன் செய்வேன். அப்பாவைக் கூப்பிட ஆள் ஓடும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ‘சொல்லுப்பா’ என்பதற்குள் பாதி நாணயங்கள் விழுங்கப்பட்டிருக்கும். அதைக் காப்பாற்றச் சொல்லி எழுதினேன். ‘பட்டியலில் இல்லை’ என்று ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. எனக்கு ஒரு வரிப் பதில்கள் பழகிவிட்டன.

இன்னொன்று. ஸ்காட் கேட்டது வெள்ளி நிறம். சிவப்பு அடித்தது அன்று தொலைபேசியையும் நடத்திய தபால் துறை. அதைக் கிராமத்தார் பலர் வெறுத்தார்கள். இன்று அதே சிவப்புக்கு முன்னால் நின்று நம்மவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள், உள்ளே தொலைபேசி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பவுண்டுக்கு ஊர்மன்றங்கள் வாங்கிய கூண்டுகளில் இதயத்துடிப்பை மீட்கும் கருவியோ பழைய புத்தகங்களோ இருக்கின்றன. இதெல்லாம் கட்டுரையில் ஒரு சொல் உண்டா?

நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த இதழின் ஏதாவது ஒரு மூலையில் ‘விக்டோரியா’ என்பதை அடித்துவிட்டு ‘1926’ என்று திருத்தம் போடுங்கள். கடிதத்தைச் சுருக்குவதானால் தபால் துறை பற்றிய பத்தியை வெட்டிக்கொள்ளலாம். பாராட்டு வரி எதுவும் இதில் இல்லை, தேட வேண்டாம். சந்தா டிசம்பரில் முடிகிறது, வழக்கம்போல் புதுப்பித்துவிடுவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்